குடிசன மதிப்பில் பூட்டனைத் தேடி

மலையகத்தில் வேர்கொண்டு இன்று டொரொன்டோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே வினா எனக்கு வந்துகொண்டிருக்கிறது. "1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு ஏடுகள் கொழும்பில் இருக்கின்றனவாமே, அவற்றில் எங்கள் பூட்டனின் பெயர் இருக்குமா?" கேட்பதில் நியாயம் உண்டு. இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் வீட்டுத் தாள்களை 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார நண்பர் தன் பூட்டனின் கையெழுத்தையே கணினியில் காண்கிறார். அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைக்கும் ஆசை வராமல் என்ன செய்யும்?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் இருக்காது. இலங்கையின் பழைய குடிசன மதிப்புகளில் நமக்கு எஞ்சியிருப்பவை அச்சேறிய அறிக்கைகளும் அட்டவணைகளும் மட்டுமே. வீடு வீடாக, லயம் லயமாக நிரப்பப்பட்ட தாள்கள் கூட்டிக் கழித்து எண்ணிக்கை எடுக்கப்பட்டதும் தம் பயனை இழந்தன. அவற்றைப் பேணி வைக்கவேண்டும் என்று எவரும் கருதவில்லை. நம் முன்னோர் அந்த அட்டவணைகளில் இருக்கிறார்கள்; எண்ணாக இருக்கிறார்கள்.

அதற்காக அந்த அறிக்கைகளைப் புரட்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இலங்கையில் முறையான முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. அப்போது தீவின் மொத்த மக்கள் தொகை 24 இலட்சம். மலைநாட்டில் கோப்பிக் காலம் அது. 1869இல் தோன்றிய இலை நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. தேயிலை அப்போதுதான் தலைகாட்டியது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்தியவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் அருணாசலம். அவர் எழுதிய அறிக்கையை இன்றும் இலக்கியம்போலப் படிக்கலாம்; புள்ளிவிபர அறிக்கைகளைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் எனக்கு வேறு வாய்த்ததில்லை. அடுத்த 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு டெனம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பொறுப்பில் நடந்தது. அதில்தான் 'தமிழர்' என்ற ஒரே தலைப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முறையாக இரண்டாகப் பிளந்தது. இந்தியத் தமிழர் 5,30,983 பேர் என்று எழுதினார்கள். 1921இல் 6,02,735. பொருளாதார மந்தத்தால் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைச் சுருக்கிக்கொண்டார்கள். 1941இல் யுத்தம். அது 1946க்குத் தள்ளிப்போயிற்று, அப்போது 7,80,589.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழும்பில் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்த அறிக்கைகளை வேறு தேவைகளுக்காகப் பலமுறை திறந்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகு, எங்கள் தோட்டம் இருக்கும் டிக்கோயாப் பகுதியின் பக்கங்களைத் தேடிப் போவது வழக்கமாயிற்று. ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று இரண்டு எண்கள். ஆண்களின் எண்ணில் ஒன்று என் பூட்டன். இன்னொன்று அப்போது பதினெட்டு வயதிருந்திருக்கக்கூடிய என் தாத்தா. பெண்களின் எண்ணில் ஒன்று பூட்டி. தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உறவினர்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள்.

பூட்டன் எப்போது வந்தார் என்பதற்கு எங்களிடம் ஆண்டுக் கணக்கு இல்லை. "ரெயில் அட்டனுக்கு வந்து கொஞ்ச காலத்துக்குள்ள" என்பது அப்பாயி சொன்ன கணக்கு. ரயில் ஹட்டனை எட்டியது 1884இல். மலையகத்துப் பெரியவர்களின் இத்தகைய கணக்குகளை இளையவர்கள் சிரித்துத் தள்ளிவிடக்கூடாது. ரயில், பஞ்சம், அணைக்கட்டு, துரை மாறிய ஆண்டு என்று ஏதாவதொன்றை அச்சாணியாக வைத்தே அவர்கள் காலத்தைச் சுழற்றுவார்கள். அந்த அச்சாணிகளுக்கு நம்மிடம் திகதி இருக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் பெயரைத் தேடினால், முதலில் கண்ணில் படுபவை துரைமாரின் பெயர்கள். பெர்குசன் டிரெக்டரி என்ற பெரும் புத்தகத்தைப் பழைய பத்திரிகையாளர்கள் அறிவார்கள். 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிமையாளர் யார், துரை யார், எத்தனை ஏக்கர், அதில் எத்தனை ஏக்கரில் தேயிலை என்று வரிசையாக இருக்கும். தோட்டங்களுக்கு நம் மக்கள் வைத்திருந்த தமிழ்ப் பெயர்களைக்கூட அதில் அச்சிட்டிருக்கிறார்கள். தொழிலாளியோடு பேச அது துரைக்குத் தேவைப்பட்டது. அந்தப் பெயரை வைத்தவனின் பெயர் இல்லை. டிக்கோயாவில் 1878இல் கட்டப்பட்ட வோர்லி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி துரைமாரும் அவர்களது குழந்தைகளும் பெயரோடும் பிறந்த ஊரோடும் உறங்குகிறார்கள். எங்கள் பூட்டனைப் புதைத்த இடம் எந்த மலை என்பது மட்டும் தெரியும். அதன்மேல் தேயிலை நிற்கிறது.

ஆனால் கடல் கடந்த தமிழ்க் கூலிகள் எல்லோருக்கும் இதே கதிதானா? இல்லை. இதுதான் நம் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டிய இடம். நேட்டாலுக்குப் போனவர்களைப் பாருங்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து சென்றவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம். மொரீஷியஸில் இன்னும் மேலே போய்ப் புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்தில் இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. அங்கே ஒப்பந்தக் கூலி முறை. தனியாளோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தால் ஆளின் பெயரை எழுதத்தான் வேண்டும். அன்பினால் எழுதியதல்ல, ஓடிப்போனால் பிடிக்க எழுதியது. எப்படியோ எழுதினார்கள்.

இலங்கைக்கு அப்படி ஒரு பதிவு தேவைப்படவில்லை. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் கூப்பிடு தூரம். ஊருக்குப் போன கங்காணி உறவையும் அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக அவன் ஏட்டில் ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால் துரை ஒரு 'துண்டு' எழுதிக் கொடுப்பார்: இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இத்தனை ரூபாய் கடனைத் தீர்த்தால் விட்டுவிடுகிறேன் என்று. அதில் கங்காணிக்குப் பெயர் உண்டு, கடனுக்கு எண் உண்டு, ஆட்களுக்குத் தலைக்கணக்கு உண்டு. 1921இல் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லையும் அவ்வாறே. வருகிறவன் கழுத்தில் தொங்கிய அந்தத் தகரத்தில் அவன் எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்கான குறி இருந்தது. பொதியில் ஒட்டும் சீட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

"கங்காணி கணக்குலதான் தம்பி நம்ம பேரு இருந்திருக்கும், கடனோட சேத்து" என்று என் அத்தை ஒருமுறை சொன்னார். அந்த ஏடுகள் கங்காணிகளின் சொந்தச் சொத்து. கங்காணிகளின் ஆட்சி முடிந்தபோது பெரும்பாலானவை அவர்களோடு போய்விட்டன.

தோட்ட ஆபீசின் செக்ரோல் இன்னொரு வகை. பெயர் போட்டுச் சம்பளம் கொடுத்த இடாப்பு அது. கொழுந்தெடுத்த பெண்ணின் பெயரும் அதில் தனி வரியாக இருந்தது; கையில் காசு வாங்கியவன் அவள் புருஷனாக இருந்தாலும் பெயர் அவளுடையது. மலையகப் பெண்கள் தம் சொந்தப் பெயரில் எழுதப்பட்ட முதல் ஏடு இதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் தோட்டங்கள் கைமாறின. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பேரேடுகள் கறையானுக்கும் பழைய பேப்பர் வாங்குகிறவனுக்கும் போயின. நான் பார்த்த ஆபீஸ் அலுமாரியில் 1960களுக்கு முந்தியது எதுவும் இல்லை. மஸ்கெலியாப் பக்கத்தவர்களின் நிலை இன்னும் பாவம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயில் மட்டும் வெளியே தெரிகிறது.

பத்திரிகைகளில் பெயர் இருக்காதா என்று தொழில்முறையில் எனக்கே ஒரு சபலம் உண்டு. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு சங்கம் நடத்திய 1930களின் செய்திகளைத் தேடிப் படித்தால் துரை, பெரிய கங்காணி, சங்கத் தலைவர் ஆகியோரின் பெயர்கள் கிடைக்கும். மற்றவர்கள் 'தொழிலாளர் பலர்'. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டு இறந்த கோவிந்தனை நாம் பெயரோடு அறிவோம். அந்தப் பெயர் ஏட்டில் ஏற ஒரு துப்பாக்கிச் சூடும் ஒரு விசாரணை ஆணைக்குழுவும் வேண்டியிருந்தன.

ஆக, எண்ணாக இருந்தவர்கள் எப்போது பெயராக மாறினார்கள்? இதற்கான விடைதான் இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த முக்கியமான பாடம், கசப்பானதும்கூட. இவர்களை வெளியே அனுப்பலாமா என்று அரசு யோசிக்கத் தொடங்கிய நாளில்தான் பெயர்கள் எழுதப்பட்டன.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். அதை ஆவணத்தால் காட்டவேண்டும். பிறப்புப் பதிவு 1867இலேயே தொடங்கிவிட்டது என்றாலும் அது கட்டாயமானது 1897இல்தான். என் தந்தை 1920இல் பிறந்தார். அவருக்குச் சான்று இருந்தது. தாத்தா 1893 அளவில் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. நான்கே ஆண்டு முந்திப் பிறந்துவிட்டார் என்று என் தந்தை வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மிஞ்சியது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததாகக் காட்டவேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். 1951 ஆகஸ்டில் தவணை முடிந்தபோது சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காகக் குவிந்திருந்தன. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். தொழிற்சங்கக் காரியாலயங்களில் விளக்கு வைத்து இரவிரவாகப் படிவம் நிரப்பியதைப் பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயர், வயது, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், எந்தத் தோட்டம், எப்போதிருந்து என்று ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் அந்தக் கோப்புக்குள் அடங்கிவிடும். மலையகத் தமிழரின் உண்மையான குடிசன மதிப்பு அதுதான் என்பது என் கருத்து. அவற்றில் பெரும் பகுதி 'நிராகரிக்கப்பட்டது' என்ற குறிப்போடு முடிகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு விண்ணப்பங்கள். என் தந்தையினது ஏற்கப்பட்டது. பெரியப்பாவினது நிராகரிக்கப்பட்டது. அவர் பெரியம்மாவோடு ஊருக்குப் போய்ப் பதினான்கு மாதம் தங்கி வந்தவர். இரண்டு மாதம் அதிகம். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது நாடற்றவர்கள் 9,75,000 என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பெரியப்பா இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட்டார். 1970களின் நடுப்பகுதியில் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி போய்ச் சேர்ந்தார். ஹட்டன் ரயில் நிலையத்தில் அந்த நாட்களில் கேட்ட ஒப்பாரியைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள்.

எனக்கு இங்கே முக்கியமானது இரு சகோதரர்களின் காகிதங்கள். என் தந்தையின் கோப்பில் குடும்பம் முழுவதும் டிக்கோயாவில் பிறந்தது. தாத்தாவின் பிறப்பிடம் தோட்டம். இந்தியா என்ற சொல்லே இல்லை. இருந்தால் ஆபத்து. பெரியப்பாவின் படிவத்தில் பூர்வீகம் திருச்சி மாவட்டம், துறையூர்ப் பக்கத்து ஒரு சிற்றூர் என்று எழுதியிருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்தியா ஏற்காது. ஒரே பூட்டன், ஒரு கோப்பில் மறைக்கப்பட்டவர், மற்றொன்றில் சாட்சியாக அழைக்கப்பட்டவர். இரண்டும் பொய்யல்ல. எங்கள் ஊரின் பெயர் எனக்குத் தெரியவந்தது நிராகரிக்கப்பட்டவரின் காகிதத்திலிருந்துதான். இந்தியாவுக்குப் போன கிளை உங்கள் குடும்பத்திலும் இருந்தால், கூடலூரிலோ கோத்தகிரியிலோ உள்ள அந்த வீட்டுத் தகரப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள் என்பேன்.

சட்டம் விட்டுச்சென்ற இன்னொரு தடயம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இலங்கையில் நீண்டகாலம் வழக்கிலிருந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், குழந்தையின் பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு. தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அவர் விவரத்துக்கு அடுத்த கூடு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இது. சிங்களக் குழந்தைக்கும் இதே படிவம்தான் என்பதால் பலர் இதன் பொருளைக் கவனிப்பதில்லை. என் பிள்ளைகளின் பத்திரங்களில் என் தந்தையின் பெயரும் 1920ம் தோட்டத்தின் பெயரும் அந்தக் கூட்டில் இருக்கின்றன. ஹட்டன் பகுதிக் குடும்பங்கள் பழைய பிரதிகளைப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்து எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: எழுதியவர் காதில் விழுந்தபடி பெயர் இருக்கும். கருப்பாயி கறுப்பையாவாகி, பிள்ளை பெண்ணா ஆணா என்றே குழம்பிய பத்திரம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். தேடும்போது நான்கு எழுத்துக்கூட்டலிலாவது தேடவேண்டும்.

இந்தக் கூடுகளில் பாட்டிக்கு இடமில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். சட்டத்துக்கு ஆண்வழி மட்டும் போதுமாக இருந்தது. 

1971இல் 11,74,900 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8,18,656 ஆயிற்று. பத்தாண்டில் மூன்றரை இலட்சம் குறைந்த அந்த இரண்டு எண்களுக்கு நடுவே பெரியப்பா குடும்பத்தின் ஏழு பேர் இருக்கிறார்கள். 2012இல் தீவின் தொகையில் 4.1 சதவீதம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முதன்முறையாக 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்க்கப்பட்டது; ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் வந்தது 2.8 சதவீதம். தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்பவர்கள் பெருகியது இதற்கு ஒரு காரணம். நூறு ஆண்டுக்குப் பின் எங்களைத் தேடப் போகிறவர்களுக்கு இதுவும் ஒரு முடிச்சுத்தான்.

பெரியப்பாவின் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிற்றூருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போனேன். நிலம் இல்லாதவர்களுக்குப் பட்டா இருக்காது. ஆகவே தாலுகா அலுவலகத்தில் தேடுவதில் பயனில்லை. குலதெய்வக் கோயிலைக் கேட்டுப் போனேன். ஊரின் பெயரை மறந்த மலையகக் குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. பங்காளிகள் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். அதற்கு ஒரு நோட்டு உண்டு. அதுவும் ஒருவகைக் குடிசன மதிப்புதான். கோயில் பெரியவர் கொண்டுவந்த நோட்டு பழைய நோட்டைப் பார்த்துப் பிரதியெடுத்தது. கடைசிப் பக்கத்தில் 'கண்டிக்குப் போனவர்கள்' என்று தலைப்பிட்டு ஒன்பது பெயர்கள். ஆறாவது பெயர் பூட்டனுடையது. எதிரே வரித்தொகைக்கான இடம் வெறுமையாக இருந்தது.

பூட்டியின் பெயரைக் கேட்டேன். தலைக்கட்டு நோட்டில் பெண்கள் பெயர் வராது என்றார் பெரியவர். அவர் மனைவி திண்ணையிலிருந்தபடியே, அந்த அம்மா பக்கத்து ஊர்க்காரி என்றும், கண்டிக்குப் போன வகையில் அவர்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு என்றும் சொன்னார். அந்த ஊருக்குத் துறையூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். பங்குனியில் வந்தால் வெளியூர் போனவர்கள் எல்லாரும் திருவிழாவுக்கு வந்திருப்பார்கள், அப்போது கேட்கலாம் என்றார்.